இல்லாத ஹெலியின் சத்தம்

ஈழத்தமிழரான எங்கள் ஆட்களுக்குள், இல்லாத ஹெலியின், அதாவது ஹெலிகொப்ரரின், சத்தம் கேட்கிறவர்கள் கனபேர் இருக்கிறார்கள். போர் முடிந்து, நாடு மாறி, பேரப்பிள்ளைகளும் வந்த பிறகும் கேட்கிறது. முழங்கால் நோவையும் சீனியையும் பிறசரையும் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தே விலாவாரியாகச் சொல்கிற பெரியவர்கள், இரவில் செல் என்கிற எறிகணை கூவுகிற சத்தம் கேட்டு எழும்பிக் கட்டிலில் குந்தியிருப்பதைச் சொல்ல மாட்டார்கள். 'விசர்', அதாவது பைத்தியம், என்ற பேச்சுக்குப் பயம். அந்தப் பேச்சு ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தால் பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் சின்னம்மா அப்படி மறைக்கிற ஆள் இல்லை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களோடுதான் இருக்கிறா. சில இரவுகளில் என் அறைக் கதவைத் தட்டி, "பிள்ளை, ஹெலி வருது, கேக்குதே?" என்பா. "எந்தப் பக்கத்தாலை சின்னம்மா?" என்று கேட்டால் கை உடனே நீளும். "பலாலிப் பக்கத்தாலை." யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவவின் வீட்டுக்கு வடக்கே பலாலி விமானத்தளம். இங்கே அவ கை காட்டுகிற இடத்தில் அயல்வீட்டுக்காரரின் கராஜ்தான் நிற்கிறது. தான் எங்கே இருக்கிறா என்பது சின்னம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மறதி நோயும் இல்லை. எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு, யாருக்கு எந்த நாளில் டொக்டர் என்பதெல்லாம் எங்களைவிட அவவுக்குத்தான் ஞாபகம். ஹெலி இல்லை என்பதும் அவவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கேட்கிறது.

இதை ஒரு கோளாறாக மட்டும் பார்ப்பது அநியாயம் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் அந்தக் காதுதான் வீட்டில் இருந்த எல்லாரையும் காப்பாற்றியது. அது எப்படிப் பழகியது என்பதைத் தெரியாமல், இப்போது அது ஏன் ஓயவில்லை என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வருடக்கணக்காக வரவில்லை. ஃபான் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, ரி.வி. இல்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில் வாகனமும் அருமை. பற்றரிக்குத் தடை என்பதால் செய்தி கேட்க ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். மற்றபடி, குப்பி விளக்கை ஊதி அணைத்தால் ஊரே வெறிச்சென்று கிடக்கும். அந்த மாதிரி ஒரு அமைதியை இப்போதைய பிள்ளைகள் கேட்டிருக்கவே முடியாது. எத்தனையோ மைலுக்கு அப்பால் கிளம்புகிற விமானத்தின் உறுமல் அந்த அமைதிக்குள் தெளிவாக வரும். யாழ்ப்பாணத்துக் காது கூர்மையானதற்கு இருட்டும் ஒரு காரணம்.

எங்களுக்குச் சைரன் ஊதிச் சொல்ல எவரும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் சைரன் ஆனார். பெரும்பாலும் அது அம்மா. ஹெலி என்றால் மேலே நின்று ஐம்பது கலிபரால் சுடும். மதில் ஓரம், மாமரத்தடி போதும், அசையாமல் நிற்க வேண்டும். 'சியாமாச்செட்டி' என்கிற சிறிய குண்டுவீச்சு விமானம் என்றால் குத்திக்கொண்டு கீழே வரும்போது சத்தம் மாறும்; மாறுகிற அந்தக் கணத்தில் பங்கருக்குள் இருக்க வேண்டும். குண்டு போடுகிற பெரிய போக்குவரத்து விமானத்தைச் சகடை என்றோம். அது அவசரமில்லாமல் சுற்றும், அதிலிருந்து பீப்பாய்க் குண்டு உருண்டு விழும். பிறகு புக்காரா என்ற தாக்குதல் விமானம் வந்தது. அதற்கும் பிறகு, 1996 முதல், குடாநாட்டுக்குத் தெற்கே வன்னிச் சனத்துக்குக் கிபிர் என்ற ஜெட் விமானம். கிபிரின் சத்தம் வந்து சேரும்போது அது தலைக்கு மேலால் போய்விட்டிருக்கும் என்று அங்கிருந்தவர்கள் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசங்கள் தெரியும். அ, ஆவன்னா எழுதப் பழகிய அதே நாட்களில் இதையும் பழகினோம்.

செல்லடிக்கு வேறு கணக்கு. முதலில் தூரத்தில் 'குத்துற' சத்தம், அதாவது செல் ஏவப்படுகிற சத்தம். எந்த இராணுவ முகாமிலிருந்து குத்துகிறான் என்பது திசையில் தெரியும். பிறகு ஓர் இடைவெளி. பிறகு கூவல். பிறகு வெடி. துப்பாக்கி ரவை ஒலியை முந்திக்கொண்டு வரும், அதைக் காதால் தவிர்க்க முடியாது. மோட்டார் செல் ஒலியைவிட மெதுவாக வருகிறது. ஆகவே குத்துற சத்தத்துக்கும் விழுகைக்கும் நடுவில் சில விநாடிகள் கிடைக்கும். சட்டியை இறக்கவும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கவும் பங்கர் வாசலில் தலையைக் குனியவும் அந்தச் சில விநாடிகள்தான். "தலைக்கு மேலாலை கூவிக்கொண்டு போறது எங்களுக்கில்லை" என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காது கொடுப்பார்கள்.

இந்தப் படிப்பு எப்போதும் கை கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் விமானக் குண்டு விழுந்தபோது, இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்த சனத்தில் நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். விமானம் வருவது அவர்களுக்கும் கேட்டுத்தான் இருக்கும். மானிப்பாயில் சின்னம்மாவுக்கும் கேட்டது. நவாலிக்கும் மானிப்பாய்க்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி, மழை இரவில், குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது சின்னம்மாவின் காதில் இருந்தது சனத்தின் சத்தம் இல்லையாம். "மேலைதான் காது" என்று சொல்லுவா. லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நடக்கிற ஒரு வீதியில், ஒரு பெண் வானத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

மூளை ஏன் இதை விடுவதில்லை என்பதற்கு மருத்துவம் ஓரளவு பதில் சொல்கிறது. காதுக்கு வருகிற ஒலியை மூளை சும்மா வாங்கி வைப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று எந்நேரமும் ஊகித்துக்கொண்டு, வருகிற ஒலியை அந்த ஊகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஊகம் பலமாகவும் ஒலி மங்கலாகவும் இருந்தால் ஊகமே கேட்டுவிடும். அதோடு, ஆபத்தை மணந்து பிடிக்கிற அமிக்டலா என்ற சிறு பகுதி, யோசிக்கிற மூளை விழித்துக்கொள்வதற்குள் உடம்பை உசுப்பிவிடுகிறது. நெஞ்சு அடிக்கத் தொடங்கிய பிறகுதான் 'என்ன சத்தம்?' என்ற கேள்வியே வரும்.

இதில் ஒரு நியாயமான கணக்கும் இருக்கிறது. இல்லாத ஹெலியைக் கேட்டு ஓடினால் நட்டம் என்ன? சேலையில் சேறு, பாதிச் சமையல், கெட்ட நித்திரை. இருக்கிற ஹெலியைக் கேட்காமல் விட்டால் நட்டம் உயிர். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிற எந்த மூளையும், பத்துத் தரம் பொய்யாக ஓடினாலும் பரவாயில்லை, ஒரு தரம் தவறவிடக் கூடாது என்றுதான் தன்னைத் திருத்தி வைக்கும். வளவு நாயும் அப்படித்தானே, அணிலுக்கும் குரைக்கும். அந்தத் திருத்தம் வருடக்கணக்காக இருந்து, நரம்புக்குள் ஊறி, அதன்பிறகு ஒரு விமானத்தில் ஏறி ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினால், விசா அதிகாரி முத்திரை குத்திவிட்டார் என்பதற்காகக் காது தன்னைப் பழையபடி மாற்றிக்கொள்ளுமா?

இல்லாத சத்தம் என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் பல வகை கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலானது, இருக்கிற ஒரு சத்தத்தைத் தவறாக விளங்கிக்கொள்வது. ஊரில் புரட்டாசி இரவுகளில் பனம்பழம் பொத்தென்று விழும். காவோலை தகரக் கூரையில் சரியும். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசினோ லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமோ தூரத்தில் ஓடும்போது அச்சொட்டாக ஹெலி மாதிரி இருக்கும். இங்கே பனிக்காலத்தில் வீதியைச் சுரண்டுகிற வண்டி, குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிற லொறி, மேல்மாடிக்காரர் இழுக்கிற கதிரை. இரண்டாவது வகை, எந்தச் சத்தமும் இல்லாமலே கேட்பது. நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் இது அதிகம் வரும். மூன்றாவதில் சத்தத்தோடு அந்த இடமே திரும்பி வரும். மண் மணம், பங்கரின் ஈரம், பக்கத்தில் இருந்தவரின் மூச்சு உட்பட. சில நொடிகளுக்கு அவர் அங்கேதான் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு, அது மனத்தைச் சேர்ந்ததே இல்லை. கிட்ட விழுந்த செல்லின் அதிர்வு செவிப்பறையைக் கிழிக்கும், உட்காதின் மெல்லிய உரோமக் கலங்களைச் சாகடிக்கும். செத்த கலங்கள் மறுபடி முளைப்பதில்லை. அந்தக் கலங்களிலிருந்து தகவல் வராதபோது மூளை தன் பக்கத்து ஒலியளவைக் கூட்டிவிடுகிறது, அதனால் சதா ஓர் இரைச்சல். "காதுக்கை இரையுது" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், வயது போனதால் என்று வீட்டில் சமாதானம் சொல்லப்படும். போர்ப் பகுதியில் இருந்து வந்தவர் அப்படிச் சொன்னால் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். காது மந்தமான ஒருவருக்குக் கேட்கும் கருவி கொடுத்ததும் இரைச்சல் குறைவதுண்டு. இரைச்சல் குறைந்தால், இரைச்சலுக்குள் ஹெலியைத் தேடுகிற வேலையும் குறையும்.

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்த சிப்பாய்களைப் பற்றி சார்ள்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் லான்செட் இதழில் எழுதினார். செல் அதிர்ச்சி என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1980இல், பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய்க்கு இப்போது டொக்டர்மார் சொல்கிற பி.ரி.எஸ்.டி. என்கிற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. இந்த அறிவின் பெரும்பங்கு சிப்பாய்களைப் பார்த்து எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிப்பாய் வீட்டைவிட்டுப் போர்க்களத்துக்குப் போகிறான், பிழைத்தால் வீட்டுக்குத் திரும்புகிறான். சின்னம்மா எங்கும் போகவில்லை. அடுப்படியும் கிணற்றடியும்தான் அவவின் போர்க்களம். திருப்பிச் சுட அவவிடம் ஒன்றும் இல்லை. கேட்பது ஒன்றைத்தான் அவவால் செய்ய முடிந்தது.

பொதுமக்களைப் பற்றி ஆராய்ந்தவர்களில் எங்கள் ஆட்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் டொக்டர் சிவயோகனும் போருக்கு நடுவில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே செய்த ஆய்வு 1994இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வந்தது. போரின் நெருக்கடி எதையும் சந்திக்காதவர்கள் வெறும் 6 வீதம். 27 வீதமானோருக்குப் பி.ரி.எஸ்.டி. அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் 41. அத்தனை வீதமானோருக்கு மனத்தின் வருத்தம் உடம்பின் வருத்தமாக வெளிவந்திருக்கிறது. தலையிடி, நெஞ்சுக்குள் பாரம், கைகால் விறைப்பு. எங்கள் ஆஸ்பத்திரி வரிசைகளில் அந்த முறைப்பாடுகள் எத்தனையோ தரம் வெறும் பனடோலோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

போர் முடிந்த கையோடு, 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களில் இன்னோர் ஆய்வு நடந்தது. அதில் பி.ரி.எஸ்.டி.யின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம், பதகளிப்பு என்கிற மனப்பதற்றம் 32.6 வீதமானோரிடம். ஆனால் அந்த நேரத்திலும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 7 என்பது 13 ஆகிறது, பதகளிப்பு பாதிப் பேரை நெருங்குகிறது. வீடு திரும்பியவருக்கும் திரும்பாதவருக்கும் இவ்வளவு இடைவெளி. மருந்தைப் பற்றிப் பேசுகிற அதே மூச்சில் காணியைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தன் வளவில் தன் கூரையின் கீழ் படுத்திருக்கிறவருக்குக் கேட்கிற சத்தத்துக்கும், முகாமின் தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறவருக்குக் கேட்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் உண்டு.

வன்னிக் காது வேறு. அதை என் அனுபவமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்த ஓர் அக்கா சொன்னதைச் சொல்கிறேன். ஆளில்லா வேவு விமானத்தை அங்கே வண்டு என்பார்கள். இரவு பகல் இல்லாமல் மேலே ரீங்காரம். வண்டு ஓர் இடத்தில் நின்று சுற்றினால் சற்று நேரத்தில் அங்கே செல் விழும் என்று சனம் அறிந்து வைத்திருந்தது. அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, ஒவ்வொன்றும் முன்னையதைவிடச் சிறியது. கடைசியில் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் சரியும். கூறைச் சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். அங்கே எண்ணுவதற்கு இடைவெளி கிடைக்கவில்லை. குத்துறதும் விழுறதும் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலாகிவிட்டதாம். அந்த அக்காவுக்கு வெடிச் சத்தத்தில் இப்போது அவ்வளவு பயம் இல்லை. ஃபிரிட்ஜின் மோட்டார் ரீங்காரம்தான் ஆகாது. இன்னொன்று, திடீரென்று எல்லாம் அடங்குவது. "சத்தம் நிண்டால் அடுத்ததுக்கு ஆயத்தப்படுத்துறாங்கள் எண்டுதான் அர்த்தம்" என்றா. இரவில் ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் படுப்பா. அமைதியாக இருங்கள், எல்லாம் சரியாகும் என்று அவவுக்கு ஆலோசனை சொன்ன நல்ல மனிதர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

2022 பெப்ரவரி 24க்குப் பிறகு உக்ரைனிலிருந்து வருகிற செய்திகளைப் படிக்கையில் சின்னம்மாவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கீவ் நகரத்தவர்களுக்குக் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் சைரன் கேட்கிறதாம். வக்கூம் கிளீனர், வேகமெடுக்கிற மோட்டார் சைக்கிள், எல்லாம் சைரனின் தொடக்கம் போலவே ஏறுகின்றன. வேறு நாட்டுக்குப் போனவர்களையும் அது விடுவதில்லை. காஸாவில் ட்ரோனைச் சனானா என்கிறார்கள், அதுவும் ரீங்காரத்தை வைத்து வந்த பெயர். ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு அடிக்கடி தோன்றும். 1940இன் லண்டனுக்கும் இன்றைய கீவுக்கும், ஆபத்து நீங்கிவிட்டது என்று அறிவிக்கிற இரண்டாவது ஒலி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு மூச்சு விடலாம். எங்களுக்கு அப்படி ஒன்று ஒருநாளும் ஊதப்படவில்லை. விமானம் போய்விட்டது என்பதை, சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போவதை வைத்து நாங்களே முடிவு செய்ய வேண்டும். தேய்கிற ஒலியின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு, போய்விட்டதா, திரும்புகிறதா என்று காத்திருந்தோம். சின்னம்மாவின் காது அந்த நுனியைத்தான் இன்னும் விடவில்லை என்று நான் ஊகிக்கிறேன்.

பயத்தால் கேட்கிற சத்தங்களைப் பற்றியே இதுவரை சொன்னேன். ஆசையால் கேட்கிற சத்தமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் தயக்கம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அந்தப் பந்தலில் இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் மகனைக் காணாமலே இறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட தாய்மாரோடு கதைத்தால் படலையின் கதை வரும். படலை திறபடுகிற சத்தம். சைக்கிள் ஸ்ராண்ட் போடுகிற சத்தம். "அம்மா" என்று ஒரே ஒரு குரல். எழும்பிப் போய்ப் பார்ப்பார்கள். ஒருவரும் இல்லை. இறந்தவருக்கு அழுது முடிக்க ஒரு முறை உண்டு. எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். காணாமல் போனவருக்கு எதைச் செய்வது? செய்தால் அவனைக் கொன்றதாகிவிடும் என்று ஒரு தாய் நினைக்கிறா. செய்யாவிட்டால் காது படலையிலேயே கிடக்கும். இந்தச் சத்தத்துக்கு எந்த டொக்டரிடமும் முழு மருந்து இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் சொல்லும்வரை அது நிற்காது.

நாங்கள் வந்து சேர்ந்த நகரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் விக்ரோரியா நாள் மே 25க்கு முன்வருகிற திங்கட்கிழமை. 2009இல் அந்தத் திங்கள் மே 18. அதற்கு முந்தின வாரம்தான், போரை நிறுத்தக் கேட்டு, எங்கள் சனம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு இறங்கி நின்றது. போர் முடிந்துவிட்டது என்று கொழும்பில் வெடி கொளுத்திக்கொண்டிருந்த அந்த நாளின் இரவில், ரொறன்ரோவில் மகாராணியாரின் பிறந்தநாளுக்காக வாணவேடிக்கை. எங்கள் தெருவிலும் பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். அவர்களில் எவர்மீதும் பிழையில்லை, அவர்களுக்கு அது கோடை தொடங்குகிற சந்தோசம். சின்னம்மா யன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்த் தரையில் இருந்துவிட்டா. 2015இலும் 2020இலும் விக்ரோரியா நாள் அதே மே 18இல் வந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின வார இறுதியில், ஒன்ராறியோ ஏரிக்கு மேலே போர் விமானங்களின் சாகசக் காட்சி. அகதிகளாக வந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கிற நகரத்தின் தலைக்கு மேலால் அதைப் பறக்க விடத்தான் வேண்டுமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். காட்சியை நிறுத்த மனமில்லாவிட்டால், எந்த நேரம், எந்தப் பக்கம் என்று தமிழ், அரபு, உக்ரைன், தாரி மொழிகளிலாவது முன்கூட்டி வீடுகளுக்குச் சொல்லட்டும். வரப்போவது தெரிந்த சத்தத்துக்கு உடம்பு அவ்வளவு துள்ளாது. எங்கள் வீட்டில் நாங்கள் இப்போது நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்து, காலையிலேயே சின்னம்மாவிடம் சொல்லிவிடுகிறோம்.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்யக்கூடியது சிறியதுதான். "ஒண்டுமில்லை, உங்கடை பிரமை" என்று சொல்லாமல் இருக்கலாம். கேட்டவருக்கு அது கேட்டிருக்கிறது. "எனக்குக் கேக்கேல்லை, உங்களுக்கு என்ன கேட்டது?" என்று கேட்டுவிட்டு, லைட்டைப் போட்டு, இன்று என்ன கிழமை, எந்த வீடு, வெளியே என்ன வாகனம் போகிறது என்று மெல்லக் கதைக்கலாம். கால் தரையில் படட்டும், கையில் ஒரு சுடுதண்ணீர்க் கோப்பை இருக்கட்டும். கேலி வேண்டாம். பேரப்பிள்ளைகள் விளையாட்டாகப் பின்னால் நின்று பலூனை உடைப்பதையும் தடுக்க வேண்டும்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது, வேலையும் செய்கிறது. வாழ்க்கைக் கதையைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகச் சொல்ல வைத்து, பயங்கரமான இடங்களில் நிதானமாக நின்று கடந்து வர வைக்கிற முறை ஒன்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம் ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகளிடம் அந்த முறையையும், தியானம், மூச்சுப் பயிற்சி கொண்ட இன்னொரு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் சைவருக்கு 'ஓம்', கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவருக்குப் பழகிய வழியிலேயே மனத்தைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள். சின்னம்மாவுக்குத் தேவாரம். ஹெலி வருகிற இரவில் கட்டிலில் இருந்து 'மாசில் வீணையும்' முழுவதையும் இழுத்து, மூச்சு விட்டு விட்டுப் பாடுவா. ஹெலி எப்போதும் போய்விடும் என்று இல்லை. அதற்குள் பாதி இரவை மீட்டுவிடுவா.

கேட்கிற குரல் 'செத்துப் போ' என்றோ 'அவனை அடி' என்றோ ஏவினால், அல்லது தனக்கு மட்டும் கேட்கிறது என்பதையே ஒருவர் ஒப்புக்கொள்ளாத நிலைக்குப் போனால், அது நான் மேலே சொன்னவற்றில் சேராது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப டொக்டரிடம் போகும்போது தலையிடியோடு நிறுத்திவிடாதீர்கள். "நான் போருக்குள் இருந்த ஆள். இல்லாத சத்தம் கேட்குது. நித்திரை இல்லை" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள், சொன்னாலும் அதைத் தாங்குகிற வயது பிள்ளைக்கு இல்லை. ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அப்போயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். வருகிறவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று யோசனையாக இருந்தால், தொலைபேசி வழியாக, ஊர் பேர் தெரியாத ஒருவர் வேண்டும் என்று சொல்லுங்கள். சின்னம்மாவுக்கு நாங்கள் அப்படித்தான் ஒழுங்கு செய்தோம். முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் போனில், நவாலியிலிருந்து தொடங்கி, எங்களிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொன்னா.